உஷார்! உப்புக் காற்று தின்னும் லேன் கேபிள்

காரைக்காலில் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கியவர்களும், வாங்கப்போகிறவர்களும், "நெட் சரியா வரல" என்று கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர்களும் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டு மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் மாடி கேமராவுக்கும் ஓடுகிற லேன் வயருக்குள் இருப்பது செம்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பல வீடுகளில் அது செம்பு இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய செம்புப் பூச்சு. வெளியே ‘கேட்-6’ என்று பளிச்சென்று அச்சடித்திருக்கும். கடைக்காரரும் அதைத்தான் விரலால் காட்டுவார்: "பாருங்க சார், கேட்-6னு எழுதியிருக்குல்ல?"

எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் என்ன ஆகும்? மதுரையிலோ கோவையிலோ அந்த வயர் சில வருடம் தாக்குப் பிடிக்கலாம். நம் ஊரில் பிடிக்காது. காரணம் கடல்.

வியாபாரத்தில் இந்த வகைக் கேபிளுக்கு சி.சி.ஏ. என்று பெயர். செம்பு விலை அதிகம், அலுமினியம் மலிவு, எடையும் குறைவு. ஆகவே கம்பியின் உள்ளே அலுமினியத்தை வைத்து, மேலே செம்பைப் போர்த்தி, 305 மீட்டர் பெட்டியாகக் கட்டி விற்கிறார்கள். கனஅளவில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவுதான் செம்பு இருக்கும். சில பெட்டிகளில் ‘சி.சி.ஏ.’ என்று ஓரமாகப் போட்டிருப்பார்கள். பல பெட்டிகளில் அதுவும் இருக்காது. ஆனால் லேன் கேபிளுக்கு உலகம் முழுவதும் பின்பற்றும் தரவிதிகளான டி.ஐ.ஏ.-568, ஐ.எஸ்.ஓ. 11801 இரண்டும் கேட்பது செம்புக் கம்பியைத்தான். உள்ளே அலுமினியம் இருந்தால், மேலே எந்த எண்ணை அச்சடித்திருந்தாலும் அது கேட்-6 ஆகாது, கேட்-5இ கூட ஆகாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

பிறகு ஏன் அது வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதிவேக சிக்னல் கம்பியின் நடுப்பகுதி வழியாகப் போவதில்லை, மேல்தோலில்தான் போகும். 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மின்னோட்டம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்திலேயே ஓடிவிடும். அந்த ஆழத்துக்குள் செம்பு இருக்கிறது. ஆகவே புதுக் கேபிள், பத்துப் பதினைந்து மீட்டர் தூரம், உலர்ந்த அறை என்றால் எல்லாம் சரியாகவே தெரியும். வயர் இழுத்த அன்று வேகத்தைச் சோதித்துக் காட்டுவார்கள், நீங்களும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். கோளாறு சில மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பில் தொலைந்திருக்கும், வயர் போட்ட தம்பியின் நம்பர் மாறியிருக்கும், பழி மொத்தமும் இணைய கம்பெனி மேல் விழும்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். அரசலாற்று முகத்துவாரத்தையும் கடற்கரையையும் ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரிக்காரர்களுக்கு, உப்புக் காற்று இரும்பு கேட்டை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் மின்விசிறித் திருகும் துருப்பிடிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். லேன் ஜாக்குக்குள் நடப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அந்த இடமே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. மின்வேதியியல் கணக்கில் செம்பின் திட்ட மின்முனை மின்னழுத்தம் பிளஸ் 0.34 வோல்ட். அலுமினியத்துக்கு மைனஸ் 1.66. இவ்வளவு இடைவெளி உள்ள இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். செம்பு மட்டும் இருக்கும் கம்பியில் இந்த ஜோடியே கிடையாது. அது மெல்லப் பச்சை பூக்கும், அவ்வளவுதான். சி.சி.ஏ. கம்பியிலோ உலோகங்கள் இரண்டும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை. கம்பி முழு நீளமும் உறைக்குள் இருக்கும்வரை பாதுகாப்பு. வெட்டுப்படும் முனைகளில், அதாவது சரியாக ஜாக் மாட்டும் இடத்தில், உள்ளே இருக்கும் அலுமினியம் காற்றுக்கு வெளிப்பட்டு நிற்கிறது.

மாடிப்படி ஓரத்திலோ பால்கனியிலோ ஓரிரு மழைக்காலம் கண்ட ஒரு ஜாக்கை வெட்டிப் பாருங்கள். ஆர்.ஜே.45 என்கிற அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுத் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். கிரிம்பிங் டூலை அழுத்தும்போது ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு கம்பியின் உறையைக் குத்திக்கொண்டு உலோகத்தில் இறங்கிப் பிடிக்கிறது. சி.சி.ஏ. வயரில் அந்தப் பல் குத்தும்போதே செம்புப் பூச்சு கிழிந்துவிடும். கொஞ்ச நாளில் அந்தக் கீறலைச் சுற்றி வெள்ளையாக, விபூதி மாதிரி ஒரு பொடி பூத்திருக்கும். அதுதான் அலுமினியம் அரித்து மிஞ்சியது. அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. லேசாக இழுத்தால் கம்பி முனை உடைந்து கையோடு வரும். செம்பை இரண்டு மூன்று முறை மடக்கி நிமிர்த்தினாலும் ஒன்றும் ஆகாது. இது பட்டென்று முறியும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தொடர்ந்து அழுத்தத்தில் வைத்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். வெயிலில் செம்பைவிட அதிகமாக விரியும், குளிரில் அதிகமாகச் சுருங்கும். இன்று இறுக்கமாகப் பிடித்த பல், நாளாக ஆகத் தளர்ந்துவிடுகிறது. அலுமினிய வயர் இணைப்பில் எப்படித் துரோகம் செய்யும் என்பதை அமெரிக்கா உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அங்கே செம்பு விலை ஏறியதால் வீட்டு மின்வயரையே அலுமினியத்தில் போட்டார்கள். 1974 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் ஊரில் ஒரு வீடு தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பிளக் பாயிண்டில் அலுமினிய வயர் சேரும் இணைப்புதான் காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அது வீட்டுக் கரண்ட், லேன் வயரில் அவ்வளவு மின்சாரம் ஓடாது, உண்மைதான். ஆனால் கெடுகிற விதம் ஒன்றே: நடுக்கம்பி நன்றாக இருக்கும், முனை கெடும்.

இனி உங்கள் வீட்டுக் கேபிள் கெட்டுவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 94.

200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். லேன் வயர் மாட்டிய கம்ப்யூட்டரில் வேகத்தைச் சோதித்தால் 93, 94, 95 என்று வந்து சுவரில் முட்டியதுபோல் நிற்கிறது. காலையில் பார்த்தாலும் அதே, நள்ளிரவில் பார்த்தாலும் அதே. இது கம்பெனி வேகத்தைக் குறைத்ததால் வருவதில்லை. ஒரு ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 1999இல் வந்த விதியே அப்படி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 100க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி செத்தாலும் இரண்டு பக்கத்துக் கருவிகளும் பெரும்பாலும் தங்களுக்குள் பேசி 100க்கு இறங்கிவிடும். அதில் போக்குவரத்துச் செலவு போக மிஞ்சுவதுதான் அந்த 94. நெட் நின்றுபோனால் உடனே ஆளைக் கூப்பிடுவோம். இப்படி இறங்கி ஓடினால் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தெரியாமலேயே கிடைக்காத வேகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்போம். வேகத்தைச் சோதிக்காமலும் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 இருந்தால் நல்லது. 100/100 இருந்தால் எங்கோ ஒரு கம்பி போய்விட்டது.

ஆனால் கேபிளைக் குற்றம் சொல்லும் முன் மோடத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த ஃபைபர் மோடங்களில் எல்லா லேன் துளைகளும் ஒரே வேகம் கிடையாது. ஒன்று மட்டும் ‘ஜி.இ.’, மற்றவை ‘எஃப்.இ.’ என்று போட்டிருக்கும். எஃப்.இ. துளையில் தங்கக் கம்பி மாட்டினாலும் 100க்கு மேல் வராது. கம்ப்யூட்டரின் லேன் துளையும் ஜிகாபிட் வேகம் உள்ளதுதான், ஜி.இ. துளைக்கு மாற்றிய பிறகும் 94 என்றால் கேபிள்தான்.

வயர் போடுகிறவர்களிடம் எட்டு விளக்கு உள்ள ஒரு சின்ன டெஸ்டர் இருக்கும். ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தால் "ஓகே சார்" என்று சொல்லிப் பையை மூடிவிடுவார்கள். அந்த விளக்கு சொல்வது, கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தொடர்ந்து போகிறது என்பதை மட்டும். உள்ளே செம்பா அலுமினியமா, சிக்னல் சுத்தமாகப் போகிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. கலர் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றி வைத்தாலும் எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்க வேண்டிய ஜோடிகள் பிரிந்துபோய், ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் கலந்து, வேகம் சீரழியும். சரியான வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். மூன்றாவது கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் பச்சை ஜோடி போவதைக் கவனியுங்கள். "நாங்க எப்பவும் இப்படித்தாண்ணே போடுவோம்" என்று யாராவது ஆரஞ்சு ஜோடியை அடுத்துப் பச்சையைப் பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவும் விடாதீர்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது.

நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் பிரான்சில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி சேர்ந்தது. அந்தப் பிரெஞ்சுக் காலத்துத் தொடர்பு இன்றும் பாரிஸ் வரை நீளுகிறது. இங்கே பெரிய வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வயதான அம்மா மட்டும் இருப்பார். பிள்ளை பாரிஸில் உட்கார்ந்து போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. இந்தக் கேமராக்களில் பல, படத்தையும் கரண்டையும் ஒரே லேன் கேபிளில் வாங்குகின்றன. பி.ஓ.இ. என்று சொல்வார்கள். 2003இல் வந்த முதல் விதியில் ஒரு கேபிளுக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை ஏறிவிட்டது.

சிக்னல் மேல்தோலில் ஓடும் என்றேன். கரண்ட் அப்படி ஓடாது, கம்பியின் முழு உடம்பிலும் ஓடும். அங்கே அலுமினியம் மாட்டிக்கொள்கிறது. சி.சி.ஏ. கம்பியின் மின்தடை அதே பருமனுள்ள செம்பைவிட சுமார் 55 முதல் 60 விழுக்காடு அதிகம். அவ்வளவும் வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது. பகலில் கேமரா குறைவாகத்தான் கரண்ட் எடுக்கும், அதனால் ஓடும். இருட்டியதும் உள்ளே இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும், கரண்ட் தேவை ஏறும், கேபிள் முனையில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணையும். தானாக மறுபடி உயிர் பெறும், மறுபடி அணையும். ஆக, திருடன் வருகிற நேரம் பார்த்துக் கேமராவுக்குக் கண் தெரியாது. பாரிஸில் இருப்பவர் "நெட் போயிருக்கும் போல" என்று நினைத்துக்கொள்வார். இரவில் மட்டும் படம் விட்டுவிட்டு வரும் கேமரா உங்கள் வீட்டில் இருந்தால், கேமராவை மாற்றும் முன் கேபிளை வெட்டிப் பாருங்கள்.

பல கேமராக்களின் வயரை ஒரே கட்டாகக் கட்டி, காற்றுப் போகாத பைப்புக்குள் திணித்திருந்தால் சூடு இன்னும் கூடும். மர அலமாரிக்குள், துணிகளுக்கு நடுவே அந்தக் கட்டு ஓடும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து அதை வெளியே எடுங்கள்.

அடுத்தது இடி. ஃபைபர் வந்துவிட்டது, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, ஆகவே இடிக்குப் பயமில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதி உண்மை. தெருவிலிருந்து வரும் இழை கண்ணாடிதான். ஆனால் அதைத் தாங்கிவரும் கேபிளில் பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பியும் கூடவே வரும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே கொக்கியிலேயே கட்டி வெட்டிவிட வேண்டும். மோடம் வரை உள்ளே கொண்டுவரக் கூடாது. அதைவிட ஆபத்து, மொட்டை மாடி கேமராவிலிருந்து இறங்கும் லேன் கேபிள், எதிர் வீட்டு அண்ணனுக்கு நெட் கொடுக்கத் தெருவைத் தாண்டி இழுத்த லேன் கேபிள். பக்கத்தில் எங்கோ தென்னையில் இடி விழுந்தாலே போதும், அந்த நீள வயரில் தூண்டப்படும் அழுத்தம் மோடத்தின் லேன் துளையை எரித்துவிடும், அதோடு சேர்ந்திருக்கும் டிவியையும் கம்ப்யூட்டரையும் பதம் பார்க்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே நெட் கொடுக்க வேண்டுமென்றால், இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரை இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். வெட்டவெளியில் செம்பு வேண்டாம், அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

இடி இடிக்கும்போது மோடத்தின் பவர் பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம். அது மட்டும் போதாது. மாடியிலிருந்து இறங்கும் லேன் ஜாக்கையும் மோடத்திலிருந்து உருவிவிட வேண்டும். மழை எந்தப் பக்கம் திரண்டு வருகிறது என்று பார்க்க நம் காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது, அதன் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி மின்னல் நெருங்குவதைப் போனிலேயே எச்சரிக்கும். தலைக்கு மேலே இடி வந்த பிறகு ஜாக்கைத் தொடாதீர்கள். அதற்கு முன்பே உருவுங்கள்.

சரி, கடைக்குப் போய் எப்படி வாங்குவது?

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துக்கு 2.70. முழுச் செம்பு வைத்த பெட்டிக்கும் சி.சி.ஏ. பெட்டிக்கும் எடை வித்தியாசம் கையிலேயே தெரியும். பிறகு ஒரு சாண் வயர் வெட்டித் தரச் சொல்லி, உறையை நீக்கி, கம்பி முனையை பிளேடால் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். சி.சி.ஏ. என்றால் நாலு இழுப்பில் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். வெட்டிய முனையை நேராகப் பார்த்தாலும் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஒரு காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, அப்படியும் விற்கிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் செம்பு என்று முடிவுகட்டாதீர்கள், அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. "சுரண்டக் கூடாது, வெட்டித் தர முடியாது" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால், அந்தப் பாதி விலைக்குக் காரணம் செம்பு இல்லாததுதான்.

கேபிள் உறையில் ‘சாலிட் பேர் காப்பர்’ என்றும் ‘23 ஏ.டபிள்யூ.ஜி.’ என்றும் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இந்த எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 23 என்றால் 0.57 மில்லிமீட்டர், 24 என்றால் 0.51. இரண்டும் வீட்டுக்குப் போதும். பட்டையாக, நாடா மாதிரி இருக்கும் வயர்களில் 30, 32 என்று மயிரிழைக் கம்பி இருக்கும். கதவுக்கு அடியில் நுழைக்க வசதி என்று வாங்குகிறார்கள். மேசையில் ஒரு மீட்டர் தூரத்துக்குச் சரி, கொல்லை வரை இழுக்கவும் கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கவும் சரிப்படாது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழுச் செம்பு கேட்-5இ 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தரும். 2016இல் வந்த விதிப்படி 2.5 ஜிகாபிட்டும் அதிலேயே ஓடும். கேட்-6 கொஞ்சம் கூடுதல் தெம்பு, 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட் தாங்கும். இன்று வீடுகளுக்கு விற்கும் ஃபைபர் திட்டங்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கேட்-7 என்று விற்பதை டி.ஐ.ஏ. அமைப்பு அங்கீகரிக்கவே இல்லை. அதற்கு வேறு வகை ஜாக் உண்டு, சாதாரண ஜாக் மாட்டிய கேட்-7 வெறும் பெயர்தான். கேட்-8 என்பது டேட்டா சென்டருக்குள் 30 மீட்டருக்கு ஓடும் சரக்கு. வீட்டுக்கு அதை வாங்கச் சொல்கிறவர் உங்கள் பணத்தைத்தான் பார்க்கிறார். சி.சி.ஏ. கேட்-6ஐயும் செம்பு கேட்-5இயையும் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் எடுப்பது கேட்-5இ.

ஜாலி சுற்றிய எஸ்.டி.பி. வகையும் வேண்டாம். அதன் உலோக உறையை முறையாக எர்த் செய்யாவிட்டால் பயனில்லை, உப்புக் காற்றில் அந்த ஜாலியும் அரிக்கும். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு, உறை கறுப்பு நிறப் பாலிஎதிலீனில் செய்த ‘அவுட்டோர்’ கேபிளைக் கேளுங்கள். உள்ளே போடும் சாம்பல், நீல நிற பி.வி.சி. உறை வெயிலில் வெடித்துவிடும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, கேபிளுக்குள்ளேயே ஓடி மோடத்தின் துளைக்கே வந்து சொட்டும். அதனால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, தண்ணீர் கீழே சொட்டும்படி வளைத்து, பிறகு ஓட்டைக்குள் விடச் சொல்லுங்கள். ஜாக் வெளியே இருந்தால் ரப்பர் மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். ஜாக்கின் பல்லில் தங்க முலாம் 50 மைக்ரோ இன்ச் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு ஜாக்கில் அது பெயருக்குத்தான் இருக்கும், நம் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும்.

நம் பழைய வீடுகள் ரேழி, முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீளமானவை, சுவர் தடிமன். கூடத்து மோடத்தின் வைஃபை கொல்லை அறைக்கு எட்டாது. அதனால்தான் வயர் இழுக்கிறோம். அப்போது சுலபம் என்று கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் வயரையும் நுழைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. 230 வோல்ட் வயரின் உறை எலி கடித்தோ பழசாகியோ போனால் அந்தக் கரண்ட் நேராக உங்கள் கம்ப்யூட்டருக்கு, அதைத் தொட்டிருக்கும் கைக்கு வரும். தனிப் பைப் போடுங்கள்.

கம்பெனியின் பொறுப்பு பொதுவாக மோடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஓடுவது உங்கள் வயர், உங்கள் பணம். புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில் கையில் கிடைத்த வயரை மாட்டிவிட்டுப் போவார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்த ஊர் இது, அந்த அவசரம் எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரத்திலும் இருபது முப்பது மீட்டர் நல்ல கேபிள் வீட்டில் இருந்தால், "தம்பி, இதைப் போடுங்க" என்று எடுத்துக் கொடுக்கலாம். வாங்கும்போது பில்லில் ‘முழுச் செம்பு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகும் உள்ளே அலுமினியம் இருந்தால் அது குறையுள்ள பொருள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வெட்டிய துண்டையும் பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மொட்டை மாடியில் ஏறி வயரைப் பார்க்க யாராலும் முடியாது. அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே, மாடியிலும் கொல்லையிலும் உள்ள ஒவ்வொரு ஜாக்கையும் கழற்றி ஒரு அங்குலம் வெட்டி, முனையைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் புது ஜாக் மாட்டி மூடுங்கள். வெள்ளையாக இருந்தால் அந்த வயரை முழுதாக உருவிப் போட்டுவிட்டுச் செம்பு வாங்குங்கள். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த வீடியோ காலில் அம்மாவிடம் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். நம்பிக்கையான ஒரு எலெக்ட்ரீஷியனை அனுப்பி, சுரண்டிய முனையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.